பெண்களைப் பீடிக்கும் நுரையீரல் நோய்: தாமதம் எங்கே?

மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரிக்கு வரும் முப்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு நம் நாட்டில் முதலில் சொல்லப்படும் நோய் ஆஸ்துமா. நெஞ்சில் நீர் கோத்திருந்தால் காசநோய். விறகடுப்பில் சமைத்தவர் என்றால் பழி அடுப்புப் புகையின் மீது விழும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது டாக்டர்களின் நினைப்பு அந்தத் திசையில் ஓடுவதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் இந்த மூன்றுக்கும் பின்னால் நான்காவதாக ஒரு நோய் மறைந்திருக்கக்கூடும். அதைக் கண்டுகொள்ள ஆகும் காலதாமதத்திற்கு நோயாளி தன் நுரையீரலையே விலையாகக் கொடுக்க நேருகிறது.

லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ் என்பது அதன் பெயர். வாயில் எளிதில் நுழையாது என்பதால் 'லாம்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். பத்து லட்சம் பெண்களில் ஒரு சிலருக்கே வரும் நோய். அனேகமாகப் பெண்களுக்கு மட்டுமே, பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் வருவது. தசைச் செல்களை ஒத்த ஒருவகைச் செல்கள் நுரையீரலில் பெருகி, மெல்லிய சுவருள்ள காற்றுக் குமிழிகளை எங்கும் உண்டாக்கி விடுகின்றன. டி.எஸ்.சி.1, டி.எஸ்.சி.2 என்ற மரபணுக்களில் ஏற்படும் பழுதே இதற்குக் காரணம். டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் என்ற மரபு நோய் உள்ள பெண்களிடம் இது அதிகம். மற்றவர்களுக்கு இது தாய் தந்தையர் வழி வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை.

நோய் தன்னைக் காட்டிக்கொடுக்காமலும் இல்லை. புகை பிடிக்காத இளம் பெண் ஒருவருக்கு, அடிபடாமலேயே, நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்து அது திடீரெனச் சுருங்கிப்போவது முக்கிய அடையாளம். ஒரு முறை வந்தால் மறுபடி வருவதே அதிகம் என்பதால், முதல் முறையிலேயே நுரையீரலை நெஞ்சுக் கூட்டின் உறையோடு ஒட்டவைக்கும் சிகிச்சையை நிபுணர்கள் சிபாரிசு செய்கிறார்கள். நெஞ்சில் எடுக்கும் நீர் பால் போல் வெண்மையாக இருப்பது இன்னொரு அடையாளம். சிறுநீரகத்தில் கொழுப்புக் கலந்த கட்டி மூன்றாவது. வேறு காரணத்திற்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்போது இக்கட்டி தென்பட்டும், நுரையீரலைப் பற்றி யாரும் கேட்காமல் விட்டுவிடுவதுண்டு.

ஆரம்ப நிலையில் சாதாரண எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம். நுண்ணிய சி.டி. ஸ்கேனில் குமிழிகள் பளிச்சென்று தெரியும். அதோடு ரத்தத்தில் வி.ஈ.ஜி.எஃப்.-டி என்ற புரதம் மில்லி லிட்டருக்கு 800 பிக்கோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், நுரையீரலில் கத்தி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் கூட இல்லை.

முன்பெல்லாம் தெரிந்துகொண்டும் பயனில்லை என்ற நிலை இருந்தது. பெண்மைச் சுரப்பிதான் நோயைத் தூண்டுகிறது என்று கருதிச் சினைப்பைகளையே அகற்றிய காலமும் உண்டு. அது பயன் தந்ததற்குச் சான்றில்லை. இன்றைய மருந்தான சிரோலிமஸ் வந்த வழி சுவாரசியமானது. 1964ல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குச் சென்ற குழுவினர் கொண்டுவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர்தான் அதன் மூலம். அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் பனாரஸ் இந்துப் பல்கலைக் கழகத்தில் படித்த சுரேந்திரநாத் சேகல். 1999ல் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக அது அனுமதி பெற்றது. 89 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2011ல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை உண்டவர்கள் ஒரு வினாடியில் பலமாக ஊதி வெளியேற்றும் காற்று மாதந்தோறும் 12 மில்லி லிட்டர் குறைந்தது. சிரோலிமஸ் உண்டவர்களுக்கு ஏறத்தாழ அப்படியே நின்றது. 2015ல் அமெரிக்க அரசு 'லாம்' நோய்க்கும் அதை அனுமதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, மருந்தை நிறுத்தியதும் பழைய சரிவு மீண்டும் தொடங்கிற்று என்பது. மருந்து சரிவைத் தடுக்கும்; போனதை மீட்டுத் தராது. இரண்டாண்டு ஆஸ்துமா மருந்திலும் ஆறு மாதம் காசநோய் மாத்திரையிலும் கழிந்தால், அந்தக் காலத்தில் அழிந்த நுரையீரல் அழிந்ததுதான். இது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் நம் நாட்டில் காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ சிரோலிமஸின் வீரியத்தையே குறைத்துவிடும்.

இந்தியக் கம்பெனிகளே சிரோலிமஸ் தயாரிக்கின்றன. எனவே கோடிக்கணக்கில் விலை சொல்லும் பிற அரிய நோய் மருந்துகளைப் போன்றதல்ல இது. பணப் பிரச்னை வேறு வடிவில் வருகிறது. 2021ல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. பட்டியலில் உள்ள நோய்களுக்கான உதவி 2022ல் ரூ. 50 லட்சம் வரை உயர்த்தப்பட்டது. அக்கொள்கையின் பார்வை பெரும்பாலும் குழந்தைப் பருவ மரபு நோய்களின் மீதே இருக்கிறது. மறுபுறம், 2018ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் தருகிறது என்றாலும், அது ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கே. நுரையீரல் சுருங்கிப் படுக்கையில் விழுந்தால் செலவு கிடைக்கும். அது மேலும் கெடாமல் காக்க ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டிய மாத்திரைக்குக் கிடைக்காது!

வேலை நிமித்தம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் நம் குடும்பங்களில் பழைய எக்ஸ்ரேயும் ஸ்கேனும் வீடு மாற்றும்போதே தொலைந்து போகின்றன. ஒவ்வொரு ஊரிலும் வைத்தியம் ஆஸ்துமாவிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது. அவற்றைப் பத்திரப்படுத்துவது குடும்பத்தின் பொறுப்பு. புகை பிடிக்காத இளம் பெண்ணின் நுரையீரல் காரணமின்றிச் சுருங்கினால் ஒரு சி.டி. ஸ்கேன் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எல்லா மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் உத்தரவிடுவதும், மாதாந்தர மாத்திரையைக் காப்பீட்டில் சேர்ப்பதும் சுகாதார இலாகாக்களின் பொறுப்பு. இரண்டுக்கும் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.