அடுப்புக்கும் கணுக்காலுக்கும் முடிச்சு!

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் விறகு அடுப்புக்கும் கணுக்காலுக்கும் நிஜமாகவே ஒரு முடிச்சு இருக்கிறது, சார்!

எங்கள் பெருநகர்ப் பக்கம் பெரியம்மாக்களுக்குக் கால் வீங்கினால், "கெட்ட நீர்ப்பா" என்பார் ஒருவர். "காஞ்சிபுரம் வரைக்கும் பஸ்ல காலைத் தொங்கப் போட்டுக்கினு போனேன், அதான்" என்பார் இன்னொருவர். இருமலாமே? "அது முப்பது வருஷமா இருக்குதே!" ஏதோ வளர்த்த பூனையைச் சொல்கிற மாதிரி பதில் வரும். காலுக்கு ஒரு வைத்தியம், இருமலுக்கு ஒரு வைத்தியம். தனித்தனி லெட்ஜர்! பி.காம். படித்தவனுக்கு இது பொறுக்குமா? இரண்டும் ஒரே கணக்காக இருந்தால்?

இதயத்தில் இரண்டு மோட்டார். இடப்பக்கம் இருப்பது உச்சி முதல் உள்ளங்கால் வரை இறைக்கிற போர்வெல் மோட்டார். வலப்பக்கம் இருப்பது சாது. பக்கத்து வீடான நுரையீரலுக்குத் தள்ளினால் போதும் என்பதால் சுவரும் மெல்லிசு. வருஷக்கணக்கில் புகை குடித்து நுரையீரல் கெட்டால் அங்கே ஆக்ஸிஜன் குறையும். காற்று வராத இடத்துக்கு ரத்தம் எதற்கு என்று குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். கொஞ்ச இடத்தில் என்றால் அது புத்திசாலித்தனம். நுரையீரல் முழுக்கச் சுருங்கினால்? போதாததற்குப் பல நுண்குழாய்கள் அழிந்தும் போகும். பைப்பை அடைத்துவிட்டு அரை ஹெச்.பி. மோட்டாரை ஓட விட்ட கதைதான். வலப்பக்கச் சுவர் முதலில் தடிக்கும், அப்புறம் விரியும், கடைசியில் தளரும். தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். கழுத்து நரம்பு புடைக்கும், கல்லீரல் வீங்கும், கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழும். டாக்டர்கள் வைத்த பெயர் 'கார் பல்மொனேல்'. (காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்கும் வரும்!)

இந்தியாவில் இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பத்மாவதி. 1917-ல் பர்மாவில் பிறந்தவர். உலக யுத்தத்தில் ஜப்பான் படை வந்தபோது குடும்பத்தோடு தப்பிக் கோயம்புத்தூர் வந்தவர். இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர். டெல்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-ல் எழுதினார். பீடி, சிகரெட் பெரும்பாலும் ஆண்கள் சமாச்சாரம். ஆனால் நோய் பெண்களையும் விடவில்லை, அதுவும் ஆண்களைவிடச் சின்ன வயதிலேயே பிடித்திருந்தது. பீடியைத் தொடாதவர்களுக்கு எப்படி? விறகும் வறட்டியும் புகைகிற அடுப்புப் பக்கம் கையை நீட்டினார் அவர். 2020-ல், 103 வயதில், கொரோனாவில் காலமானார். அதுவும் நுரையீரலைத் தாக்கும் நோய்தான்.

இப்போது கேஸ் வந்துவிட்டது. 2016-ல் உஜ்வாலா திட்டமும் வந்தது. ஆனால் பல வீடுகளில் சிலிண்டர் விருந்தாளி வந்தால் காபி போட மட்டும். வெந்நீருக்கு, நெல் அவிக்க விறகுதான். "சிலிண்டர் தீர்ந்துடுமே!" என்று கணக்குப் பார்க்கிற ஆண்பிள்ளை திண்ணையில், ஊதுகுழலோடு உள்ளே இருப்பது யாரோ! எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

நாள்பட்ட இருமலும் மூச்சு வாங்கலும் உள்ளவருக்குக் கால் வீங்கினால், மூன்றையும் ஒரே டாக்டரிடம் ஒரே நாளில் சொல்லுங்கள். எக்ஸ்-ரே, எக்கோ எடுத்தால் விஷயம் தெரியும். நீர் பிரிய மாத்திரை தருவார்கள். வீக்கம் வற்றும், நுரையீரல் புதுசாகாது. ஆக்ஸிஜன் ரொம்பக் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே தினம் 15 மணி நேரம் ஆக்ஸிஜன் கொடுத்தால் ஆயுள் கூடுகிறது என்று 1981-லேயே பிரிட்டனில் காட்டிவிட்டார்கள்.

அந்த மெஷின் வந்த வீட்டில் விறகு அடுப்பு வெளியே போயே ஆக வேண்டும். ஆக்ஸிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாதே!