குடிபெயரும் புரோகிராம்கள்

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். வீட்டுக்காரர் எத்தனை தங்கமானவராக இருந்தாலும், ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "வீட்டைக் காலி பண்ணிக் கொடுங்க" என்று சொல்லத்தான் போகிறார். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர்களில் பலருக்கு இந்த ஞானம் 2015-ல்தான் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 12 அன்று கூகுள் நிறுவனம், 'கூகுள் கோட்' என்ற தன் இலவச சேவையை மூடப்போவதாக அறிவித்தது. புதிதாக வருபவர்களுக்கு அன்றைக்கே கதவு சாத்தப்பட்டது. ஏற்கெனவே இருந்தவர்களும் ஆகஸ்டிலிருந்து படிக்கலாம், எழுத முடியாது என்றாயிற்று. 2016 ஜனவரியில் கடையை முற்றிலும் மூடினார்கள்.

அந்தக் கடையில் இருந்த சரக்கு என்ன? சோர்ஸ் கோட் எனப்படும் புரோகிராம்களின் மூல வரிகள். கடைசி வடிவம் மட்டுமல்ல. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்ற முழு வரலாறும் கூடவே இருக்கும். இப்படிப்பட்ட தொகுப்புக்கு ரெபாசிட்டரி என்று பெயர். களஞ்சியம் என்று சொல்லலாம். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே புரோகிராமில் வேலை செய்ய வேண்டுமானால், அந்தக் களஞ்சியம் எல்லோருக்கும் எட்டுகிற ஒரு சர்வரில் இருக்க வேண்டும். அந்த இடத்தைத் தருவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. மூல வரிகளை ஊருக்கே திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் இலவசம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையே. இந்த மாட்டையும் யாரும் பார்க்கவில்லை.

கூகுள் மட்டும்தான் இப்படிச் செய்தது என்று சொல்ல முடியாது. 'கிட்டோரியஸ்' என்ற சேவையை அதே 2015 மார்ச்சில் 'கிட்லேப்' வாங்கியது. சில மாதங்களில் கிட்டோரியஸ் மறைந்தது. மைக்ரோசாஃப்ட் தன் 'கோட்பிளெக்ஸ்' சேவையை 2017-ல் மூடியது. 'மெர்க்குரியல்' என்ற முறையில் அமைந்த களஞ்சியங்களுக்காகவே 2008-ல் தொடங்கப்பட்ட 'பிட்பக்கெட்', 2020 ஜூலையில் அந்த மெர்க்குரியலையே வெளியேற்றியது. 2018 ஜூனில் 'கிட்ஹப்' நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, யாரும் காலி செய்யச் சொல்லாமலே சிலர் மூட்டை கட்டினார்கள்.

ஒன்றிரண்டு களஞ்சியங்கள் என்றால் கையாலேயே நகர்த்திவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால்? ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போதும், வாடிக்கையாளர் சர்வரை மாற்றும்போதும் பெங்களூர், ஹைதராபாத், புனே எஞ்சினியர்களின் மேசைக்கு வந்து சேரும் வேலை இது. அவர்கள் இதற்கு ஸ்கிரிப்ட் எழுதுவார்கள். சினிமாக்காரர்களின் ஸ்கிரிப்ட் அல்ல. 'இந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு களஞ்சியத்தையும் அங்கிருந்து எடு, இங்கே போடு, போட்டதைச் சரிபார், தவறினால் குறித்து வை' என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாகக் கொடுக்கும் கட்டளைகள்.

இன்று பெரும்பாலான களஞ்சியங்கள் 'கிட்' என்ற முறையில் இருக்கின்றன. அதன் பிறப்பே ஒரு காலி செய்த கதைதான். லினக்ஸின் மையப் பகுதியை உருவாக்குபவர்கள் 2002 முதல் 'பிட்கீப்பர்' என்ற வணிக மென்பொருளை இலவச அனுமதியின் பேரில் பயன்படுத்தி வந்தார்கள். 2005-ல் அந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து தானே ஒன்றை எழுதத் தொடங்கினார். சுடுபட்டவர் கட்டிய வீடு என்பதாலோ என்னவோ, கிட்டில் ஒரு முக்கியமான ஏற்பாடு உண்டு. வழக்கமான முறையில் பிரதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துவிடும். மூல சர்வர் நாளைக்கே எரிந்து போனாலும் யாராவது ஒருவரின் மடிக்கணினியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

எனவே, மூல வரிகளை நகர்த்த இரண்டு கட்டளைகள் போதும். முதலாவது, பழைய சர்வரிலிருந்து கண்ணாடிப் பிரதி எடுப்பது. இரண்டாவது, அதை அப்படியே புதிய சர்வரில் தள்ளுவது. சரிபார்ப்பதும் எளிது. கிட்டில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் 40 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு பெயர் உண்டு. அந்தத் திருத்தத்தின் உள்ளடக்கம், அதற்கு முந்தைய திருத்தத்தின் பெயர் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது அது. நடுவில் எங்காவது ஒரு காற்புள்ளி மாறினாலும் அதன்பின் வரும் எல்லாப் பெயர்களும் மாறிவிடும். ஒரு கிளையின் கடைசித் திருத்தத்துக்கு இரு சர்வர்களிலும் ஒரே பெயர் இருந்தால், அந்தக் கிளையின் பழைய வரலாறு பத்திரமாக வந்து சேர்ந்தது என்று நம்பலாம்.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. மிகப் பெரிய கோப்புகளைக் களஞ்சியத்துக்கு வெளியே தனிக் கிடங்கில் வைத்து, உள்ளே ஒரு சீட்டு மட்டும் வைக்கும் வழக்கம் இருக்கிறது. கண்ணாடிப் பிரதியில் சீட்டுதான் வரும், சரக்கு வராது. அதற்குத் தனிக் கட்டளை வேண்டும். கிட்ஹப் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. பத்து வருடங்களுக்கு முன்பு யாரோ போட்டுவிட்டு மறுநாளே நீக்கிய கோப்பும் வரலாற்றில் இருக்குமாதலால், வாசலிலேயே தடுத்துவிடும். 'சப்வெர்ஷன்' என்ற பழைய முறையிலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். அதில் திருத்தியவரின் பயனர் பெயர் மட்டும்தான் இருக்கும். கிட்டோ முழுப் பெயரும் ஈமெயில் முகவரியும் கேட்கும். யாராவது உட்கார்ந்து பழைய ஆட்களை எல்லாம் நினைவுபடுத்திப் பட்டியல் போட வேண்டும். எப்போதோ வேலையை விட்டுப் போனவர் யாரென்று ஆபீஸில் ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், அவர் எழுதிய வரிகள் ஊர் பேர் தெரியாதவர் கணக்கில் ஏறிவிடும்.

ஆனால் உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. களஞ்சியத்தைச் சுற்றி ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. "இந்த பட்டனை அழுத்தினால் புரோகிராம் நின்றுவிடுகிறது" என்று ஒருவர் எழுதுகிறார். "என்னிடம் நிற்கவில்லையே" என்கிறார் இன்னொருவர். நாற்பது பதில்களுக்குப் பிறகு காரணம் பிடிபடுகிறது. திருத்தம் ஒரே வரி. அந்த வரி களஞ்சியத்தில் இருக்கும். ஏன் அந்த வரி என்ற விவாதம் களஞ்சியத்தில் இல்லை. அது சேவை நிறுவனத்தின் தகவல் கிடங்கில் இருக்கிறது. புகார்கள், விவாதங்கள், மாற்றத்தை ஏற்கலாமா என்ற வாக்குவாதங்கள் எதுவும் அந்த இரண்டு கட்டளைகளுக்குள் வராது.

இவற்றையும் நகர்த்தலாம். அதற்காக எழுதும் ஸ்கிரிப்ட்தான் நீளமானது. பழைய சர்வரிடம் ஒவ்வொரு புகாராகக் கேட்டு வாங்கி, புதிய சர்வரில் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். சர்வர்களும் ரேஷன் வைத்திருக்கின்றன. அடையாளம் காட்டிக் கேட்பவருக்கு கிட்ஹப் பொதுவாக மணிக்கு 5,000 கேள்விகளை அனுமதிக்கும். காட்டாதவருக்கு 60 மட்டுமே. ஸ்கிரிப்டுக்குப் பொறுமை கற்றுக் கொடுக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிரச்னை, சாதாரண வழியில் பதிந்தால் எல்லாப் புகார்களும் ஸ்கிரிப்டை ஓட்டியவர் பெயரிலேயே, இன்றைய தேதியிலேயே விழும். பத்து வருடங்களாக நூறு பேர் பேசிய பேச்சு, ஒரே ராத்திரியில் ஒரே ஆள் உளறிய மாதிரி ஆகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பதிவின் தலையிலும் 'இதை எழுதியவர் இன்னார், எழுதிய நாள் இது' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள்.

எண்கள் அடுத்த தலைவலி. பழைய திருத்தக் குறிப்புகளில் 'புகார் 212-க்கான தீர்வு' என்று எழுதியிருக்கும். புதிய இடத்தில் 212 வேறு ஏதோ புகாராக இருக்கலாம். கிட்ஹப்பில் புகார்களும் மாற்றக் கோரிக்கைகளும் ஒரே வரிசையில் எண் பெறுகின்றன. எனவே ஒழுங்கு தவறினால் எல்லா எண்களும் நழுவும். பைத்தான் மொழியின் மூல வரிகள் 2017-ல் கிட்ஹப்புக்குப் போயின. புகார்களோ ஐந்து ஆண்டுகள் கழித்து 2022-ல்தான் போய்ச் சேர்ந்தன. வரிகளை நகர்த்துவதற்கும் பேச்சை நகர்த்துவதற்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே தெரியும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனுக்கு இது புதிதல்ல. மூல நூலைப் பெயர்த்துவிட்டு, 'அடிக்குறிப்பெல்லாம் எதற்கு, இடம் அடைக்கும்' என்று வெட்டிவிடும் பதிப்பகங்கள் உண்டு. நூல் படிக்கக் கிடைக்கும். ஆசிரியர் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்பது தெரியாமல் போகும். அடுத்து வருபவர் அந்தச் சொல்லைத் தவறென்று நினைத்துத் திருத்துவார். புரோகிராமிலும் அதுவேதான் நடக்கிறது. காரணம் தெரியாத வரியைப் புதிதாக வந்தவர் நீக்குகிறார். என்றோ தீர்த்த கோளாறு மறுபடி உயிர்பெறுகிறது. பெயர் விட்டுப்போவதும் சின்ன விஷயமல்ல. சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து எழுதிய ஒரு மாணவனுக்கு, அந்தக் களஞ்சியத்தில் இருக்கும் தன் பெயர்தான் கூலி. வேலை தேடும்போது காட்டக்கூடிய சான்றிதழும் அதுதான்.

நம் நாட்டுக்கு இதில் தனிப் பாடம் ஒன்றிருக்கிறது. 2014 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை 32 இணையத் தளங்களை முடக்க உத்தரவிட்டது. ஐ.எஸ். பயங்கரவாதப் பிரசாரம் என்பது காரணம். அந்தப் பட்டியலில் கிட்ஹப்பும் சோர்ஸ்ஃபோர்ஜும் இருந்தன. எதிர்ப்பு எழுந்து, சில நாட்களில் தடை தளர்ந்தது. ஆனால் வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்திருந்தாலும் தெருமுனையில் போலீஸ் நிறுத்திவிடலாம் என்பது அன்று புரிந்தது. பிற்பாடு அரசே அந்தத் தெருவுக்கு வந்தது வேறு கதை. 2020 மே மாதம் 'ஆரோக்ய சேது' செயலியின் மூல வரிகளை வெளியிட அரசு தேர்ந்தெடுத்த இடம் அதே கிட்ஹப்தான். அரசு மென்பொருள்களுக்கென்று 'ஓப்பன்ஃபோர்ஜ்' என்ற சொந்த இடமும் உருவாக்கப்பட்டிருக்கிறது. இதற்கிடையில் 2019-ல், அமெரிக்கப் பொருளாதாரத் தடைகளைக் காட்டி ஈரானில் இருந்தவர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியது. அவர்கள் செய்த குற்றம், இருந்த ஊர். 2021 ஜனவரியில்தான் அந்தச் சேவை அங்கே முழுமையாகத் திரும்பியது.

அனாதையாகும் களஞ்சியங்களை எடுத்து வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது ஆறுதல். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனம் 2016-ல் அறிவித்த 'சாஃப்ட்வேர் ஹெரிடேஜ்' அப்படி ஒரு ஆவணக்காப்பகம். பிட்பக்கெட் கைவிட்ட மெர்க்குரியல் களஞ்சியங்களில் இரண்டரை லட்சத்துக்கு மேல் அங்கே பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆனாலும் காப்பகத்தில் இருப்பது வேறு, பயன்பாட்டில் இருப்பது வேறு.

களஞ்சியம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஆனால் அதைக் காலி செய்யச் சொல்வதற்கு முன்பே செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை தானாக ஓடி, வரிகளையும் விவாதங்களையும் சொந்த கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கட்டும். அந்தப் பிரதியிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று எப்போதாவது சோதித்துப் பாருங்கள். திருத்தம் செய்யும்போது 'புகார் 212' என்று மட்டும் எழுதாமல், காரணத்தையும் இரண்டு வரி எழுதுங்கள்; அது களஞ்சியத்தோடு கூடவே வரும். குடிபெயர்ந்த பிறகு, பழைய வாசலில் புது முகவரியை ஒட்டிவிட்டு, சில காலமாவது அந்த வீட்டைப் பூட்டாமல் வையுங்கள். தேடி வருபவர்கள் இருப்பார்கள்.