படைக்கலப் புண்ணும் பகடைக் கணக்கும்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு வீரனாகத் தம்மைக் கற்பித்துக்கொண்டு, கதை கூறியும் பகடை உருட்டியும் ஆடும் ஆட்டமொன்று மேனாட்டிற் பிறந்து, நம் நாட்டு மாணவருட் சிலரையும் பற்றியுள்ளது. 1974-ஆம் ஆண்டிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் அமெரிக்கர் இருவர் இயற்றி வெளிப்படுத்திய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வினத்துள் முதற்கண் அச்சேறியது. இவ்வாட்டத்தில் வாளும் வேலும் மெய்யிற் செய்யும் ஊறு எங்ஙனம் அளக்கப்படுகின்றது, அவ்வளவை நம் முன்னோர் போரையும் புண்ணையும் நோக்கிய நோக்கிற்கு ஒக்குமா என்பனவே யாம் ஈண்டு ஆராயப் புகுவன. விளையாட்டிற்கு இத்துணை வாதமோ என்று நகைப்பார் நகைக்க. சாவை விளையாட்டாக்குங்கால் அதனை எவ்வாறு எண்ணுகின்றோம் என்பது சிறு பொருளன்று.

அவ்வாட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் உயிர்ப்புள்ளிகள் இத்துணை என வகுத்திருப்பர். அடி விழுந்தாற் பகடை உருட்டி, வந்த எண்ணைக் கழிப்பர்; புள்ளி தீர்ந்தால் வீரன் வீழ்வான். முதற் பதிப்பில் எல்லாப் படைக்கலத்திற்கும் அறுமுகப் பகடை ஒன்றே. குறுங்கத்தியும் பெருவாளும் ஒரு நிகர். மறு ஆண்டு வந்த ‘கிரேஹாக்’ என்னும் இணைப்பு நூலே கத்திக்கு நான்முகப் பகடையும் நெடுவாளுக்கு எண்முகப் பகடையுமாக வேற்றுமை செய்தது. உயிர்ப்புள்ளிக் கணக்கையோ ஆர்னிசன் கடற்போர் ஆட்டத்தினின்று எடுத்தாண்டனர் என்ப. மரக்கலம் பல குண்டுகளைத் தாங்கிப் பின் மூழ்கும். அதற்கு இக்கணக்குப் பொருந்தும். மனிதன் மரக்கலம் அல்லன். நாற்பது புள்ளியுடையான் முப்பத்தொன்பதை இழந்தும் புண்படாதானைப் போலவே வாள் வீசுகின்றான்! 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ எட்டு நாழிகையும் அன்று, எட்டு மணி நேரம் இளைப்பாறினாற் போதும். இழந்த புள்ளி அனைத்தும் மீளும்.

இக்குறையை மேனாட்டாரும் அறியாரல்லர். 1977-இல் வந்த ‘டிராவலர்’ புண்ணால் வலிமையும் விரைவும் பொறையும் குன்றுமாறு விதித்தது. 1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ தலை, மார்பு, வயிறு, கை, கால் என உடலைப் பகுத்து, அடிபட்ட இடத்தை வரைந்து, கவசம் அடியின் வேகத்தைக் கழிக்குமாறும் செய்தது. கைகாக்ஸ் தாமும், உயிர்ப்புள்ளி என்பது தசை மட்டுமன்று, வீரனது பயிற்சியும் நற்பேறும் அதனுள் அடங்கும் என 1979-இல் விளக்கினர். அவ்விளக்கம் அறிவுடையதே, ஆயினும், குறைந்தது நற்பேறாயின் அதனைக் குறைத்தது வாளின் எண்முகம் ஆவது எங்ஙனம்?

இனி நம் நாட்டிற்கு வருவோம். சவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்துச் செங்கம் நாட்டிலும் நடுகற்கள் பல உள. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையார் 1972-இல் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என நூலாக்கினர். பல்லவர் காலத்து வட்டெழுத்திற் பொறித்தவை அவற்றுட் பல. ஒரு கை வில்லும் மறு கை குறுவாளுமாக வீரன் நிற்பான். சில கற்களில் அவன் மார்பிலும் தொடையிலும் அம்பு தைத்து நிற்கும். சிற்பி அம்பை எண்ணிக்கைக்காகப் பொறித்திலன். தைத்த இடத்தைக் காட்டவே பொறித்தனன். எழுத்தோ இன்னும் சுருக்கமானது: தொறுவை, அஃதாவது ஆனிரையை, மீட்டுப் பட்டான் என்னும் அவ்வளவே. மீட்டதும் பட்டதும் ஒரே மூச்சில் வருதல் காண்க. புள்ளிக் கணக்கில் வென்றவன் எஞ்சியவனே. கல்லின் கணக்கில் வென்றவன் இறந்தும் கிடப்பான். பகைவர் எத்துணையர் மாண்டனர் என்பதைப் பெரும்பாலும் கல் கூறுவதில்லை. நிரை மீண்டதையே கூறும்.

புண்ணின் இடம் எத்துணைப் பெரிதென்பதற்குச் சேரமான் பெருஞ்சேரலாதனே சான்று. வெண்ணிப் பறந்தலையிற் கரிகாலன் எறிந்த வேல் மார்பில் தைத்து முதுகிலும் புண் செய்தது. முகத்தே ஏற்ற வேலாயினும் புறத்தே தோன்றிய புண்ணிற்கு நாணி அவன் வடக்கிருந்து உயிர் நீத்தான். இப்புண்ணிற்கு எம்முகப் பகடையை உருட்டுவது? கிறித்தவராகிய எமக்கு ஆகாப் அரசனும் நினைவிற்கு வருகின்றான். மாறுவேடத்தொடு போர்க்களம் புக்க அவனை, எவனோ ஒருவன் குறியாது எய்த அம்பு கவசத்தின் சந்திலே பாய்ந்தது. தேரிலே தாங்கி நிறுத்தப்பெற்று, குருதி தேர்த்தட்டில் வடிய, பொழுது சாயும் வரை இருந்து மாண்டான். குறியின்மை பகடைக்கு உடன்பாடே. ஆனால் ஒரு பகலெல்லாம் நீண்ட அச்சாவைப் புள்ளிக் கணக்கு அறியாது.

ஆறுதலும் அவ்வாறே. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்தலைத் தொல்காப்பியம் ஒரு துறையாகவே வைத்தது. வேம்பு செருகி, ஐயவி புகைத்து, யாழிசைத்துக் காத்த இல்லங்களைப் புறநானூறு காட்டும். நெடுநல்வாடையிலோ பாண்டியன் நள்ளிரவிற் பாசறையிற் புண்பட்டாரைத் தானே சென்று காண்கின்றான். எட்டு மணி உறக்கத்தில் எல்லாம் ஆறுமாயின் இவ்வரசனுக்குப் பாசறையில் வேலையே இல்லை.

வெட்சியையும் கரந்தையையும் வைத்து இத்தகைய ஆட்டமொன்று தமிழில் இயற்றுவார் உளராயின், மேனாட்டுப் புள்ளியை அப்படியே பெயர்த்து வைத்தல் வேண்டா என்பது எம் கருத்து. பகடை இருக்கட்டும், அது அம்பு எவ்விடத்துப் பட்டதென்பதையும், முகத்தோ முதுகோ என்பதையும் சொல்லட்டும். புண்பட்டவனைக் காப்பது ஆட்டத்தின் ஒரு பகுதியாகுக. வீரன் பட்டால் ஆடுவோன் வெளியேறாது, காட்சி முதல் வாழ்த்தல் ஈறாகிய ஆறு நிலையினும் அவனுக்குக் கல் எடுத்து, அதிற் பொறிக்கும் சொல்லைத் தானே எழுதுக. எடுத்தனூரில் உள்ள, மகேந்திரவர்மனது 34-ஆம் ஆட்சியாண்டுக் கல்லில், இரு கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் இடமுண்டு. அத்தகைய நாய்க்கும் ஆட்டத்தில் ஓரிடம் வைத்தல் வேண்டும்.