நாள் முழுவதும் நிற்கும் கால்கள்!
நாற்காலிச் சட்டமும் டாக்டர்களின் ஆராய்ச்சியும்

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். கடைப் பையன் ஐம்பது சேலைகளைப் பிரித்துக் காட்டுகிறான். "அது வேண்டாம், மேல் அடுக்கில் உள்ளதை எடு" என்கிறோம். அவனும் சிரித்த முகத்தோடு எடுத்துப் போடுகிறான். அவன் காலையில் இருந்து நின்றுகொண்டே இருக்கிறான் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

துணிக்கடை ஊழியர் மட்டும் அல்ல. ஓட்டல் சப்ளையர், முடி திருத்துவோர், பஸ் கண்டக்டர், போக்குவரத்துப் போலீஸ்காரர், நர்ஸ், பள்ளி ஆசிரியை எல்லோரும் நின்றே பிழைப்பவர்கள்தான்.

இவர்களில் பலருக்கு ஒரு வியாதி வருகிறது. கெண்டைக் காலில் நீல நிறத்தில் புழு நெளிவது போலப் புடைத்துக்கொள்ளும். "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பார்கள். டாக்டர்கள் "வெரிகோஸ் வெயின்" என்பார்கள்.

உண்மையில் அது நரம்பு அல்ல. ரத்தக் குழாய்!

கதவு பழுதானால்...

இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்புகிறது. அந்த ரத்தம் திரும்பவும் மேலே ஏற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வருமா? வராது. இறைக்க வேண்டும்.

காலில் அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது தசை சுருங்குகிறது. குழாயைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய ரத்தம் மீண்டும் கீழே இறங்காதபடி குழாய்க்குள் சின்னஞ்சிறு கதவுகள் உள்ளன. அவை ஒரு பக்கம் மட்டுமே திறக்கும்.

இந்தக் கதவுகளைப் பற்றி இத்தாலி நாட்டின் பதுவா நகரில் பாப்ரீசியஸ் என்ற பேராசிரியர் 1603-ல் நூல் எழுதினார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி. கதவுகள் எதற்காக இருக்கின்றன என்பதை ஹார்விதான் 1628-ல் விளக்கினார். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று உலகுக்குச் சொன்னவர் அவரே.

அசையாமல் நின்றால் கணுக்காலில் உள்ள குழாயில் ரத்த அழுத்தம் பாதரச அளவில் சுமார் 90 மில்லிமீட்டர் வரை ஏறும். நடந்தால் 25-க்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே நடப்பது நல்லது. நின்ற இடத்திலேயே நிற்பதுதான் கெடுதல்.

கதவு பழுதானால் ரத்தம் கீழே தேங்கும். குழாய் புடைக்கும். மாலையில் கால் வீங்கும், கனக்கும், இரவில் கெண்டை பிடித்து இழுக்கும். பிறகு கணுக்கால் அருகே தோல் கறுக்கும், அரிக்கும். கடைசியில் புண் வரும். அந்தப் புண் எளிதில் ஆறாது. மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கில் நீடிக்கும்.

நிற்பதால்தான் வருகிறதா?

வயது, பரம்பரை, உடல் பருமன், பிள்ளைப்பேறு, முன்பு காலில் ரத்தம் உறைந்தது என்று காரணங்கள் பல உண்டு. நிற்கும் வேலைக்கும் அதில் பங்கு உண்டா?

டென்மார்க் நாட்டில் இதை ஆராய்ந்தார்கள். வேலை செய்யும் வயதில் உள்ள சுமார் 9,650 பேரை 12 வருடம் கவனித்தார்கள். யார் யார் இந்த வியாதிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். முடிவு 2005-ல் வெளியாயிற்று.

பெரும்பாலும் நின்றோ நடந்தோ வேலை செய்யும் பெண்கள் ஒரு பக்கம். மற்ற வேலை செய்யும் பெண்கள் இன்னொரு பக்கம். மற்ற வேலைப் பெண்களில் 10 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், நிற்கும் வேலைப் பெண்களில், அதே தொகைக்கு, 18 பேர் சேர்ந்தார்கள். ஆண்களிலும் ஏறக்குறைய அதே வித்தியாசம்தான். ஆனால் ஆண்களில் நோயாளிகள் குறைவு. ஆகவே அந்தக் கணக்கை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நிற்பது ஒன்றே காரணம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. கதவு பலவீனமாக உள்ளவரை நாள் முழுவதும் நிற்க வைத்தால் ஆபத்து கூடும் என்பதே பொருள்.

சட்டம் வந்தது

கேரளாவில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் குரல் கொடுத்தார்கள். "எங்களுக்கு உட்கார உரிமை வேண்டும்" என்றார்கள். கேட்டவர்கள் வியந்தார்கள். உட்காருவதற்குக்கூட உரிமை கேட்க வேண்டுமா? ஆம், கேட்க வேண்டி இருந்தது! 2018-ல் கேரள அரசாங்கம் கடைச் சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6-ந் தேதி சட்டசபையில் இதற்கு மசோதா கொண்டு வந்தார்கள். அது சட்டமாயிற்று. 1947-ம் வருடக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு இடையே சந்தர்ப்பம் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இதுதான் சட்டம்.

நல்ல சட்டம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. "சந்தர்ப்பம்" எப்போது கிடைக்கிறது என்று யார் முடிவு செய்வது? முதலாளியா, தொழிலாளியா? ஒரு மூலையில் முக்காலியைப் போட்டுவிட்டு, அதில் உட்காருகிறவரை முறைத்துப் பார்த்தால் சட்டம் நிறைவேறியதாகுமா?

"ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கைக்காரர் மரியாதைக் குறைவாக நினைப்பார்" என்று சில கடைக்காரர்கள் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை மாற்ற வேண்டியவர்கள் வாடிக்கைக்காரர்களான நாம்தான்.

வந்த பிறகு என்ன செய்வது?

நாற்காலி நோயின் சுமையைக் குறைக்கும். வந்துவிட்ட புண்ணை ஆற்றுமா? அதற்குச் சிகிச்சை வேண்டும். இங்கேதான் பிரிட்டிஷ் டாக்டர்களின் இரண்டு ஆராய்ச்சிகள் கைகொடுக்கின்றன.

இந்தப் புண்ணுக்குப் பழைய வைத்தியம் காலை இறுக்கிக் கட்டுப் போடுவது. கட்டு மட்டும் போதுமா, பழுதான குழாய்க்கும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா என்று 500 நோயாளிகளிடம் பரீட்சை செய்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. 24 வாரத்தில் இரு பிரிவிலும் நூற்றுக்கு 65 பேருக்குப் புண் ஆறிவிட்டது. வித்தியாசமே இல்லை!

ஆனால் ஒரு வருடத்துக்குள் என்ன நடந்தது? கட்டு மட்டும் போட்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குப் புண் மீண்டும் வந்தது. ஆபரேஷனும் செய்தவர்களில் 12 பேருக்கு மட்டுமே வந்தது. ஒழுகும் கூரையை அடைக்காமல் தரையைத் துடைத்தால் என்ன பயன்?

பிறகு வைத்திய முறை முன்னேறியது. காலைக் கிழிக்க வேண்டியதில்லை. மெல்லிய குழலைச் செலுத்திச் சூட்டினால் பழுதான குழாயை மூடிவிடலாம். மருந்து நுரையைச் செலுத்தியும் மூடலாம். இதை உடனே செய்வதா, புண் ஆறும் வரை காத்திருப்பதா?

லண்டன் இம்பீரியல் கல்லூரி டாக்டர்கள் முன்னின்று 450 நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் கட்டுப் போட்டார்கள். ஒரு பிரிவுக்கு உடனே குழாயை மூடினார்கள். இன்னொரு பிரிவைக் காக்க வைத்தார்கள். முடிவு 2018-ல் வெளியாயிற்று. உடனே சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது. காத்திருந்தவர்களுக்கு 82 நாள் ஆயிற்று.

வித்தியாசம் 26 நாள்! மாதச் சம்பளக்காரர் இதை லேசாக நினைக்கலாம். தினக்கூலி வாங்குகிறவர் வீட்டில் 26 நாள் என்றால் எத்தனை வேளை அடுப்பு எரிய வேண்டும்? எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்யக்கூடியது

நின்று வேலை செய்கிறவர் அடிக்கடி நாலு எட்டு நடக்க வேண்டும். நகர முடியாவிட்டால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். நாள் முழுவதும் ஆடாமல் அசையாமல் உட்காருவதும் நல்லது அல்ல. இரவில் படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம்.

கணுக்கால் கறுத்தால் தேமல் என்று களிம்பு தடவிக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள். இறுக்கமான காலுறையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலுக்கு ரத்தம் இறங்கும் குழாயில் அடைப்பு இருந்தால் அது கெடுதல் செய்யும். டாக்டர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்.

புடைத்த குழாய் உடைந்து ரத்தம் பீறிட்டால் பதற வேண்டாம். உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

புண் வந்த பிறகு காக்க வைப்பது நஷ்டம் என்று விஞ்ஞானம் காட்டிவிட்டது. புண் வருவதற்கு முன்பே தடுக்கச் சட்டம் ஒரு வழி காட்டிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மனிதர்களின் மனம். ஒரு முக்காலியின் விலை பெரிது அல்ல. அதில் ஒருவரை உட்கார விடும் மனம்தான் பெரிது.