நெட்வேர்க் படிப்பு: பணம் கட்டுமுன் கேளுங்கள்



கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் எமது காரியாலயத்துக்கு வந்தார். சம்பளப் பிரச்சினையோ, ஈ.பீ.எஃப் பிரச்சினையோ என்றுதான் நினைத்தோம். அவர் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது மகனுடைய சான்றிதழ். தங்க நிறக் கரை போட்ட தடித்த கடதாசி. கணினி வலையமைப்பு டிப்ளோமா என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். “இதுக்கு ஏன் வேலை குடுக்க மாட்டேங்கிறாங்க, தலைவரே?” என்று கேட்டார்.

மகன் தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தவர். டவுனில் ஒரு மாடியில் இயங்கும் தனியார் நிறுவனத்தில் ஆறு மாதம் படித்திருக்கிறார். மூன்று தவணையாக 120,000 ரூபா கட்டியிருக்கிறார்கள். முதல் தவணைக்குச் சீட்டு எடுத்தார்கள், இரண்டாவதுக்குச் சங்கிலி அடகுக்குப் போனது, மூன்றாவது கைமாற்று. கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, “சீ.சீ.என்.ஏ பரீட்சை எழுதினீரா?” என்பது. அப்படி ஒரு பரீட்சை தனியாக இருக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்கு அன்றுதான் தெரியவந்தது.

2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 120,000 ரூபா என்பது அந்தக் கணக்கில் 89 முழுப் பெயர். அதுவும் ஈ.பீ.எஃப் கழிக்காமல், ஒரு நாள்கூட அரைப் பெயர் விழாமல், கடையில் ஒரு கொத்து அரிசிகூட வாங்காமல் இருந்தால். இதைப் பற்றி எழுதுவது தொழிற்சங்கத்தின் வேலையா என்று ஒரு தோழர் கேட்டார். 89 நாள் மலையில் நின்று எடுத்த கொழுந்தின் காசு எங்கே போனது என்று கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு எது என்று எமக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்தின் போஸ்டர் எமது காரியாலயச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டக் கேட்டார்கள், பிள்ளைகளின் படிப்புத்தானே என்று நாமும் சம்மதித்தோம். யார், என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்தத் தாய் அந்தப் போஸ்டரை எமது சுவரில் பார்த்துத்தான் நம்பியிருக்கிறார்.

தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கீழ் வந்தன. இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமாரில் பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பிள்ளை ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினால், அதை வாசித்து இது சரி, இது பிழை என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கடன்பட்டாவது படிக்க வைப்போம் என்ற மனம் மட்டும் இருக்கிறது. மாடிக்கடை நிறுவனங்கள் பிழைப்பது அந்த மனத்தை வைத்துத்தான்.

படிப்பு பிழையானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். வங்கி, ஆஸ்பத்திரி, ஹோட்டல், கப்பல்துறை, தோட்டக் காரியாலயம் என்று கணினிகள் ஒன்றோடொன்று பேசும் இடமெல்லாம் அந்த இணைப்பைப் போடவும் பார்க்கவும் பழுது தீர்க்கவும் ஆள் வேண்டும். கை வேலையும் மூளை வேலையும் கலந்த நல்ல தொழில். எமது பிள்ளைகளுக்கு முழுக்கப் பொருந்தும். கேள்வி எல்லாம் யாரிடம் படிப்பது என்பதுதான்.

முதலில், முடிவில் கையில் கிடைக்கும் சான்றிதழ் யாருடையது என்று கேளுங்கள். மூன்று வகை இருக்கிறது. படிப்பித்த நிறுவனம் தானே அச்சடித்துக் கொடுப்பது ஒன்று. நாம் மேலே சொன்னது அந்த வகை. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வீ.கியூ, இரண்டாவது. இது 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 4 முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளிக்குரியது, 5 டிப்ளோமா, 7 பட்டம். ஏணிபோல ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஏறலாம். சிஸ்கோ போன்ற கம்பனிகள் உலகம் முழுவதும் ஒரே மாதிரி நடத்தும் பரீட்சைச் சான்றிதழ் மூன்றாவது. சீ.சீ.என்.ஏ என்பது இதுதான். கொம்ப்டியா அமைப்பின் நெட்வேர்க் பிளஸும் இதே வகை. வெளியூர் வேலைக்கும் கொழும்புத் தனியார் கம்பனிகளுக்கும் மூன்றாவது உதவும். அரச துறைக்கும், மேற்கொண்டு படிக்கவும் இரண்டாவது உதவும். முதலாவது, சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும்.

போஸ்டரில் “சீ.சீ.என்.ஏ” என்று இருந்தால் அதற்கு இரண்டு பொருள் உண்டு. சீ.சீ.என்.ஏ பாடத்தைப் படிப்பிப்போம் என்பது ஒன்று, பரீட்சையும் எழுத வைப்போம் என்பது மற்றது. பெரும்பாலும் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவது போல நினைக்க விடுவார்கள். பரீட்சைக் கட்டணம் 300 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே 90,000 ரூபா, அதாவது இன்னும் 67 பெயர். வரி வேறு. தோற்றால் ஐந்து நாள் காத்திருந்து மறுபடி முழுக் கட்டணம் கட்ட வேண்டும். சித்தியடைந்தால் மூன்று வருடத்துக்குத்தான் செல்லுபடியாகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எனவே சொல்லும் கட்டணத்துக்குள் பரீட்சைக் காசு இருக்கிறதா இல்லையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இருக்கிறது என்றால் எந்தத் திகதியில் எழுத வைப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் அந்தக் காசை நிறுவனத்திடம் கொடுக்கவே வேண்டாம். பரீட்சையை நடத்துவது பியர்சன் வியூ என்ற அமைப்பு. பிள்ளை தன் பெயரில் கணக்குத் திறந்து நேரடியாகவே கட்டலாம்.

பெயர் என்றதும் ஒரு விஷயம். பதியும் பெயரும் அடையாள ஆவணத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம், கட்டிய காசும் போய்விடும். எமது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் இருப்பது புதுக் கதை அல்ல. எழுதியவர் தனக்குக் கேட்டபடி எழுதியதை நாம் இன்னும் சுமக்கிறோம். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலமே இல்லை. படிக்கத் தொடங்கும்போதே இதைத் திருத்தத் தொடங்குங்கள், கடைசி வாரத்தில் பிரதேச செயலகத்துக்கு ஓட வேண்டாம்.

அடுத்து, நிறுவனம் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது. கொழும்பு 05, நாரஹேன்பிட்டி, எல்விட்டிகல மாவத்தையில் ‘நிபுணதா பியச’ என்ற கட்டடத்தில் அதன் காரியாலயம். தொழிற்பயிற்சி நடத்துபவர்கள் அங்கே பதிய வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அது உண்மையா, காலாவதியாகவில்லையா என்று ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். இங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு. நிறுவனம் பதியப்பட்டிருப்பது வேறு, அந்தக் குறிப்பிட்ட பாடநெறி என்.வீ.கியூவுக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. தையல் வகுப்புக்கு அங்கீகாரம் வாங்கிய நிறுவனம் நெட்வேர்க் வகுப்பின் போஸ்டரிலும் அதே முத்திரையைப் போடலாம். “இந்த வகுப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும்.

மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள். சிஸ்கோ நிறுவனமே 1997 முதல் நடத்திவரும் நெட்வேர்க்கிங் அகடமியில் சீ.சீ.என்.ஏ பாடம் மூன்று பகுதி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 70 மணித்தியாலம், மொத்தம் 210. ஞாயிறுதோறும் நான்கு மணித்தியாலம், மூன்று மாதம் என்றால் 48 மணித்தியாலம்தான் வருகிறது. கால்வாசிகூட இல்லை. மிச்சத்தைப் பிள்ளை எங்கே, எதில் படிக்கும்? அங்கே போய் ரவுட்டரும் சுவிட்சும் எத்தனை இருக்கின்றன, ஒன்றுக்கு எத்தனை பேர் என்று கண்ணால் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்த ரவுட்டரில் யாரும் படிப்பதில்லை. பேக்கட் டிரேசர் என்ற இலவச மென்பொருளில் ரவுட்டர் இல்லாமலே பழகலாம், அது நல்லதுதான். ஆனால் அதை மட்டும் காட்டுகிறவர் பெரிய கட்டணம் கேட்டால், இலவசமாகக் கிடைப்பதை விற்கிறார் என்று அர்த்தம்.

படிப்பிப்பவர் தானே அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தவரா? போன வருடம் படித்தவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் சித்தி? பழைய மாணவர் இரண்டு பேரின் இலக்கம் கேளுங்கள். நல்ல நிறுவனம் சந்தோஷமாகக் கொடுக்கும். பாடம் பழையதா என்று அறியவும் வழி உண்டு. பரீட்சை 2020 பெப்ரவரி 24 முதல் மாறியது, இலக்கம் 200-301. 200-125 என்ற இலக்கம் போட்ட புத்தகத்தைத் தந்தால் அது அதற்கு முந்தியது. பரீட்சைக் கேள்விகளையே திருடி ‘டம்ப்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அதை மனப்பாடம் பண்ணிச் சித்தியடைந்தாலும் அகப்பட்டால் சான்றிதழ் இரத்தாகும். அகப்படாவிட்டாலும் வேலையில் முதல் வாரமே அகப்படும்.

வகுப்பு சரியாக நடக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு சின்னச் சோதனை சொல்கிறோம். நெட்வேர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் உண்டு, லயத்து இலக்கமும் காம்பரா இலக்கமும் சேர்ந்தது மாதிரி. ஒரு லயத்தில் எத்தனை காம்பரா என்று பிரிப்பதுதான் படிப்பின் அடிப்படை. வகுப்புத் தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் பிள்ளையிடம், “192.168.10.0, சாய்கோடு 26. இதில் எத்தனை கணினிக்கு இலக்கம் கொடுக்கலாம்?” என்று கேளுங்கள். மொத்தம் 64 இலக்கம். முதலாவது அந்த வலையமைப்புக்கே உரியது, கடைசி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்ப. மிச்சம் 62. தாய் தகப்பனுக்கு இது விளங்க வேண்டிய அவசியமில்லை. விடை 62 என்று தெரிந்தால் போதும். பிள்ளை விழித்தால் அடுத்த தவணையைக் கட்டாமல் நேரே நிறுவனத்துக்குப் போங்கள்.

மொழி பெரிய விஷயம். இந்தப் பரீட்சை தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். விளக்கம் தமிழில், குறிப்பு ஆங்கிலத்தில் என்று நடத்தும் இடம் எமது பிள்ளைகளுக்கு நல்லது. தமிழ் என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, ஆள் போதாது என்று சிங்கள வகுப்பில் உட்கார வைப்பதும் நடக்கிறது. ஒரு வகுப்பில் சும்மா இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் வகுப்பு முடியும் நேரத்தையும் தோட்டத்துக்கு வரும் கடைசி பஸ்ஸையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளில் பலர் பாடம் கஷ்டமாகி விட்டவர்கள் அல்ல, பஸ் இல்லாமல் விட்டவர்கள்.

“படித்தவுடன் வெளிநாட்டில் வேலை உறுதி” என்று சொன்னால் எழுந்து வாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வகுப்பு நடத்துவதற்கான பதிவு அதற்குப் போதாது.

காசு போடுமுன் காசில்லாமல் தொடங்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். சிஸ்கோ அகடமியின் ஆரம்பப் பாடங்களை இலவசமாகவே இணையத்தில் படிக்கலாம். சிக்னல் இல்லாத லயத்தில் இது லேசான காரியம் அல்ல என்பது எமக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளைக்கு இந்தத் துறை பிடிக்கிறதா என்று 120,000 ரூபா கட்டாமலே அறிய இது ஒரு வழி. பிறகு தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரிகள் ஆகியவற்றில் விசாரியுங்கள். அங்கே கட்டணம் குறைவு, சிலவற்றுக்குக் கட்டணமே இல்லை, கிடைப்பது என்.வீ.கியூ. கொழும்பில் கொம்பியூட்டர் கடைகளில் வருடக்கணக்கில் வேலை செய்யும் எமது பையன்கள் கடையை விட்டுவிட்டு வகுப்புக்கு வர வேண்டும் என்றும் இல்லை. இருக்கும் அனுபவத்தைச் சோதித்து என்.வீ.கியூ கொடுக்கும் முறை இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

அரசாங்கத்திடமும் எமக்குக் கேட்க இருக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் அரச பயிற்சி நிலையங்களில் வலையமைப்பு வகுப்பு தமிழ் மொழியிலும் நடக்க வேண்டும். விண்ணப்பப் படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது, விரிவுரையாளரும் தமிழில் படிப்பிக்க வேண்டும். அந்த வகுப்பு பக்கத்தில் இருந்தால் மாடிக்கடைக்குப் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம்.

அந்தத் தாயின் விஷயத்தில், போஸ்டரின் படத்தையும் மூன்று பற்றுச்சீட்டுகளையும் இணைத்து நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். இதை எழுதும்வரை பதில் இல்லை. இல்லாவிட்டால் ஆணைக்குழுவுக்கும் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கும் முறைப்பாடு போகும். அவர் மூன்று தவணைக்கும் பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தபடியால்தான் இதையாவது செய்ய முடிகிறது. இரண்டு வாரத்துக்கு முன் இன்னொரு குடும்பம் வந்தது, அவர்களிடம் ஒரு துண்டுகூட இல்லை.

போஸ்டரைக் கழற்றிவிட்டோம். தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் பெரட்டுக்களத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் ஒட்டுங்கள். யாராவது பணம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டால் விளம்பரத்தையும் கட்டண விபரத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் மாவட்டக் காரியாலயத்துக்கு வரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் இருப்பார்.