வெப்ப எச்சரிக்கை இல்லாத நாளிலும் துடுப்பு வலிப்பவருக்கு ஆபத்து உண்டு

தொடர்ந்து 3 நாள்கள் அதிகபட்ச வெப்பநிலை 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. காற்றின் ஈரப்பதம் இந்தக் கணக்கில் சேராது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் தைப்பிங்கில், நெடுந்தூரப் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். புழுக்கத்தில் அது சொட்டுமே தவிர எளிதில் ஆவியாகாது. அதனால் எச்சரிக்கை இல்லாத 32 டிகிரி நாளிலும், மணிக்கணக்கில் துடுப்பு வலிப்பவரின் உடல் கொதித்துவிடும்.

தண்ணீர் மட்டும் குடித்தால் போதும் என்பதும் தவறு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1963 முதல் நடந்துவரும் 260 மைல் படகுப் போட்டியில், 2012-இல் ஒருவர் உயிரிழந்தார். அவரது இரத்தத்தில் சோடியம் குறைந்ததே காரணம். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் மிச்ச உப்பும் நீர்த்துப்போகும்.

உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். எனவே பயிற்சி நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பால்மரம் சீவப் போனவர்களைப் போல வெயில் ஏறுமுன் தொடங்கி முடிப்பது நல்லது. நீண்ட பயிற்சியில் உப்பு கலந்த பானமும் தேவை. தடுமாற்றமோ உளறலோ தெரிந்தால் படகைக் கரைசேர்த்து, உடலில் நீரூற்றிக் குளிர்வித்தபடியே 999-ஐ அழைக்க வேண்டும். எச்சரிக்கை வரட்டும் என்று பயிற்றுநர்கள் காத்திருக்கக் கூடாது.