அதிவிரைவுக் கட்டணம்: சக பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்



ரயிலின் பெயரோடு ‘சூப்பர்ஃபாஸ்ட்’ சேர்ந்துவிட்டால் டிக்கெட்டில் ஒரு தொகையும் சேர்ந்துவிடுகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போகிறவருக்கு 15 ரூபாய், ஸ்லீப்பருக்கு 30, மூன்றடுக்கு ஏசிக்கு 45, முதல் வகுப்பு ஏசிக்கு 75. இந்தக் காசுக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவுகோல், அகலப்பாதையில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர். சென்னை எழும்பூரிலிருந்து மதுரை ஏறக்குறைய 495 கிலோமீட்டர். 9 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாலே அது அதிவிரைவு ரயில்தான்! நாற்கரச் சாலையில் அரசுப் பேருந்தே இதற்கு ஈடுகொடுக்கும்.

அந்த 55 கிலோமீட்டரும் கால அட்டவணைக் கணக்குதான். சிக்னலுக்கும் கிராசிங்குக்கும் நின்று நின்று இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து இறக்கிவிட்டாலும், வாங்கிய கூடுதல் கட்டணம் வாங்கியதுதான். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையே இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறது.

பாசஞ்சர் வண்டியில் போகிறவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். 2020-இல் கொரோனா முடக்கத்துக்குப் பின் திரும்ப ஓடவிட்ட சாதா வண்டிகளுக்கு ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் சூட்டினார்கள். அதே பெட்டி, அதே நிதானம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. கூடையோடு பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்களும் அதைக் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது.

இதனால் வேக ரயில்களே வேண்டாம் என்பதல்ல; வந்தே பாரத் ரயில் மேல் எங்களுக்குக் கோபமில்லை. பெரம்பூரில் உருவான வண்டி, 2019-இல் புதுடெல்லி–வாராணசி தடத்தில் முதலில் ஓடியபோது நமக்கும் பெருமைதான். ஆனால் அதில் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. அது நம் ஊரில் நிற்கவேண்டும் என்று மனு எழுதுகிறவர்கள், மற்ற ரயில்களில் சாதாப் பெட்டிகளைக் கூட்டச் சொல்லியும் அதே மனுவில் ஒரு வரி சேருங்கள்.

ஓடிய வேகத்துக்குத்தான் காசு என்பதே எங்கள் கோரிக்கை. 55-க்குக் கீழே ஓடிய நாளில் அதிவிரைவுக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும். ரயில் தாமதமானால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஏறிய நேரத்தையும் இறங்கிய நேரத்தையும் அதில் குறித்து வையுங்கள். 139-க்கு அழைத்துப் புகார் பதிந்து, புகார் எண்ணை எங்களிடம் கொடுங்கள். சேர்ந்ததையெல்லாம் கோட்ட மேலாளரிடமும் நம் எம்.பி.யிடமும் நேரில் கொடுக்கப்போகிறோம். நீங்களும் உடன் வாருங்கள்.

இப்படிக்கு,
ரயில் பயணிகள் சங்கத்தினர்